ஐந்து நிமிஷத்தில் வந்துடறேன்!

‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ பார்த்திருப்பீர்கள். 2019-ல் வந்து, உலகம் முழுக்கச் சுமார் 280 கோடி டாலரை வாரிச் சுருட்டிய படம். அந்தக் கல்லாவின் ஏதோ ஒரு மூலையில் உங்கள் டிக்கெட் காசும் கிடக்கும். நம் ஊருக்குத் தமிழ் பேசியும் வந்தது. அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ஒட்டவே இல்லை என்று ரசிகர்கள் அவரைப் பிய்த்து எடுத்தார்கள்.

அது கிடக்கட்டும். படத்தின் ஆரம்பத்தில் ஒரு சின்னக் காட்சி வரும், ஞாபகம் இருக்கிறதா பாருங்கள். விண்கலம் ஒன்று அந்தரத்தில் பழுதாகிக் கிடக்கிறது. உள்ளே இரண்டே பேர். சாப்பாடு தீர்ந்துவிட்டது, மூச்சுக் காற்றும் தீரப்போகிறது. பொழுது போகவேண்டுமே என்று டோனி ஸ்டார்க் ஒரு விளையாட்டைச் சொல்லித் தருகிறார். மடித்த காகிதத்தை விரலால் சுண்டி கோல் போடுகிற, கடைசி பெஞ்ச் பையன்களின் விளையாட்டு. எதிரே உட்கார்ந்திருப்பது மொட்டைத் தலை, நீலத் தோல், பாதி உடம்பு இயந்திரம் என்று ஒரு பெண். நெபுலா. வில்லன் தானோஸின் வளர்ப்பு மகள். விளையாட்டு என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. சண்டை என்று நினைத்துக்கொண்டு முறைக்கிறாள். கடைசியில் ஜெயித்துவிடுகிறாள். டோனி கை குலுக்கி, ஜாலியாக இருந்ததா என்று கேட்கிறார். இருந்தது என்கிறாள்.

அந்த ஒரு நொடி அவள் முகத்தைப் பாருங்கள். முகம் என்று சொல்வதே தப்பு. ரப்பரும் பெயிண்ட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அவளை ஒரு மனுஷியாக நடத்திவிட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வெறும் இரண்டு கண்ணையும் ஒரு குரலையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர் கேரன் கில்லன். ஸ்காட்லாந்துக்காரர். டெலிவிஷனில் வளர்ந்த பெண். இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

1987-ல் இன்வெர்னஸில் பிறந்தவர். வரைபடத்தில் பார்த்தால் ஸ்காட்லாந்தின் தலைமாட்டில் இருக்கிறது அந்த ஊர். பக்கத்தில் ஏரி, ஏரிக்குள் ராட்சசப் பிராணி இருப்பதாக ஒரு புரளி, அதை நம்பி வருகிற டூரிஸ்ட்டுகள். பதினாறு வயதில் நடிப்புப் படிக்க எடின்பரோவுக்குப் போனார். அப்புறம் லண்டன், இத்தாலியா கோன்டி நடிப்புப் பள்ளி. 2006-ல் ‘ரீபஸ்’ துப்பறியும் தொடரில் ஒரு எபிசோட். பிறகு ‘தி கெவின் பிஷப் ஷோ’ என்று ஒரு காமெடி நிகழ்ச்சியில் விதவிதமான வேஷங்கள். 2008-ல் ‘டாக்டர் ஹூ’வின் பாம்பேய் எரிமலைக் கதையில், முகமெல்லாம் வெள்ளை பூசிய குறி சொல்லும் பெண்ணாகச் சில நிமிஷம் வந்து போனார். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. முகத்தை மூடிக்கொண்டு நடிப்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

‘டாக்டர் ஹூ’ பார்க்காதவர்களுக்கு ஒரு பத்தி. 1963-ல் பி.பி.சி. ஆரம்பித்து, 1989-ல் ஊற்றி மூடி, 2005-ல் தூசு தட்டி எழுப்பிய தொடர். டாக்டர் என்று ஓர் ஆசாமி. நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டிக்குள் ஏறிக்கொண்டு காலத்தில் முன்னேயும் பின்னேயும் போவார். சாகிற மாதிரி அடிபட்டால் வேறு உடம்பு எடுத்துக்கொள்வார், அதாவது வேறு நடிகர் வந்துவிடுவார். தயாரிப்பாளருக்கு இதைவிட சௌகரியமான ஹீரோ கிடைப்பானா? கால்ஷீட் தகராறே கிடையாது. டாக்டருடன் ஊர் சுற்ற எப்போதும் ஒரு துணை உண்டு. பெரும்பாலும் ஓர் இளம்பெண். நாம்தான் அவள். நமக்குப் பதிலாக ஆச்சரியப்படவும், பயப்படவும், கேள்வி கேட்கவும் வைத்திருக்கிற ஆள்.

2009-ல் அந்தத் துணைக்கு ஆள் தேடினார்கள். ரகசியம் வெளியே போகாமலிருக்க, ‘பேனிக் மூன்’ என்ற படத்துக்குத் தேர்வு என்று சொல்லச் சொன்னார்களாம். ‘கம்பானியன்’ என்ற ஆங்கில வார்த்தையின் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டால் வருகிற பெயர் அது. தேர்வு செய்தவர்கள் பின்னால் சொன்ன கதை இன்னும் தமாஷ். டேப்பில் பார்த்தபோது, நன்றாகத்தான் நடிக்கிறது, பாவம் குட்டையாக இருக்கிறதே என்று நினைத்தார்கள். நேரில் வந்து நின்றது கிட்டத்தட்ட ஆறடி உயரம், சிவப்புத் தலைமுடி.

2010 ஏப்ரல் 3 அன்று அந்த எபிசோட் வந்தது. இங்கிலாந்துக் கிராமத்தில் அமீலியா பாண்ட் என்று ஒரு ஸ்காட்டிஷ் சிறுமி. ராத்திரி, வீட்டில் தனியாக. தோட்டத்தில் நீலப் பெட்டி வந்து விழுகிறது. உள்ளேயிருந்து எழுந்து வரும் டாக்டர் அவளிடம் சொல்கிறார்: ஐந்து நிமிஷத்தில் வந்துடறேன், உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். குழந்தை சூட்கேஸில் துணி அடைத்துக்கொண்டு, தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டாக்டர் வருகிறார். பன்னிரண்டு வருஷம் கழித்து.

நான் பி.காம். எதையும் வரவு செலவாகத்தான் பார்க்க வரும். அசல் ஐந்து நிமிஷம், வட்டி பன்னிரண்டு வருஷம். வளர்ந்துவிட்ட ஏமி அந்தப் பாக்கியை எப்படி வசூலிக்கிறாள்? கிரிக்கெட் மட்டையால் டாக்டர் மண்டையில் ஒரே போடு. இடைப்பட்ட காலத்தில் அவளுக்கு நாலு மனநல மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒருத்தர் கிடையவே கிடையாது என்று சொன்னதற்காக அவர்களைக் கடித்து வைத்திருக்கிறாள். டாக்டராவது திருந்தினாரா? உலகத்தைக் காப்பாற்றிவிட்டு, வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவர் இன்னும் இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்புகிறார்.

இந்த இடத்தில்தான் கேரன் எழுத்தைத் தாண்டிப் போகிறார். ஸ்டீவன் மொஃபட் எழுதியது துறுதுறுப்பான, வாயாடிப் பெண். காகிதத்தில் அவ்வளவுதான். கேரன் அந்த வாயாடித்தனத்துக்கு அடியில் ஒரு கோபத்தை வைத்தார். காக்க வைக்கப்பட்டவளின் கோபம். சிரித்துக்கொண்டே பேசுவார். ஆனால் டாக்டர் நகர்ந்தால் கண் கூடவே நகரும், மறுபடி ஓடிவிடுவானோ என்று. அவருடைய மொத்தக் கேரியரையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால், நல்ல வேஷங்கள் எல்லாமே இந்தக் கோபத்தின் மேல் நிற்பவை. ஒருத்தி காத்திருக்கிறாள். வருகிறேன் என்றவர் வரவில்லை, அல்லது வரக்கூடாத விதத்தில் வந்தார். அப்புறம் அவள் என்ன ஆகிறாள்?

பேச்சு வழக்கையும் சொல்லவேண்டும். இவருக்கு முன்னால் டாக்டராக இருந்த டேவிட் டென்னன்ட் ஸ்காட்லாந்துக்காரர்தான். ஆனால் டாக்டராகப் பேசியது இங்கிலாந்து உச்சரிப்பில். கேரன் தன் ஊர் நாக்கோடு அப்படியே வந்தார். ரோஜாப்பூ மாதிரி ‘ர’வை உருட்டிக்கொண்டு, எதிராளியைத் திட்டுவதற்கென்றே செய்த மாதிரியான பேச்சு. அதை வைத்து அருமையான ஜோக் ஒன்றும் உண்டு. 2010-ல் வந்த ‘வின்சென்ட் அண்ட் தி டாக்டர்’ எபிசோடில் ஓவியர் வான்கோ இவளைப் பார்த்து, நீயும் என்னை மாதிரி ஹாலந்துதானே என்று கேட்பார். வான்கோவாக நடித்தவர் டோனி கரன், அவரும் ஸ்காட்லாந்துக்காரர், அதே உச்சரிப்பில்தான் பேசுகிறார்! இங்கிலாந்துக்காரர்கள் காதில் இரண்டு பேருமே அந்நியர்கள். இரண்டு நிமிஷக் கிண்டல்தான், ஆனால் தைக்கிறது.

தொடர் மேல் குறையே இல்லையா? நிறைய. அறிமுகத்திலேயே ஏமிக்குப் போலீஸ் வேஷமும் குட்டைப் பாவாடையும் கொடுத்து, அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார்கள். 2011-ல் அவள் பெற்ற குழந்தையைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். எவ்வளவு பெரிய விஷயம்? கதைக்கு அது ஒரு புதிர், அவ்வளவே. புதிரை அவிழ்த்ததும் அடுத்த கிரகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பெற்றவள் உட்கார்ந்து அழ நேரம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. மொஃபட்டுக்குப் பெண்களைப் புதிராக்கத் தெரிந்த அளவுக்கு, புதிர் முடிந்த பிறகு அவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதனால்தான் இந்தத் தொடரில் கேரனின் ஆகச் சிறந்த 45 நிமிஷம் வேறொருவர் எழுதியது. டாம் மெக்ரே. 2011 செப்டம்பரில் வந்த ‘தி கேர்ள் ஹூ வெய்ட்டட்’. கதை இதுதான். ஒரு கிரகத்து ஆஸ்பத்திரியில் ஏமி தப்பான பட்டனை அழுத்திவிடுகிறாள். வேறு காலவேகத்தில் மாட்டிக்கொள்கிறாள். அவள் கணவன் ரோரி தேடிக்கொண்டு உள்ளே வரும்போது அவளுக்கு 36 வருஷம் ஓடிவிட்டது. கையில் வாள். கொல்ல வரும் ரோபோக்களோடு தினசரிச் சண்டை. ஒரு ரோபோவின் கையைக் கழற்றி, முகம் வரைந்து, ரோரி என்று பெயர் வைத்துக் கூட வைத்திருக்கிறாள்.

மேக்கப்பை விடுங்கள். குரலைக் கேளுங்கள். அதே நாக்கு, அதே ஊர்ப் பேச்சு, ஆனால் உருட்டல் போய்விட்டது. வார்த்தையைச் செலவழிக்கவே யோசிக்கிற குரல். 23 வயதுப் பெண் இதைச் செய்திருக்கிறார். இளையவளைக் காப்பாற்ற மூத்தவள் உதவவேண்டும் என்று டாக்டர் கேட்கிறார். முடியாது என்கிறாள். நியாயம்தானே? இளையவள் காப்பாற்றப்பட்டால் இந்த 36 வருஷம் நடக்காமலே போய்விடும். அத்தனை ராத்திரிகளும், அத்தனை காயமும், இவளும். கடைசியில் ரோரிக்காகச் சம்மதிக்கிறாள். இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன் என்று டாக்டர் சொன்னது பொய். பெட்டிக்குள் ஒருத்திக்குத்தான் இடம். மூத்தவள் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் ரோரியிடம் பேசுவாள். நீங்கள் பார்ப்பதற்காக மிச்சத்தை விட்டுவிடுகிறேன். தொடரில் வேறு எதுவும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் பாருங்கள்.

2012 செப்டம்பரில் ஏமி விடைபெற்றாள். கணவனோடு இருக்கவேண்டும் என்று, திரும்பி வரமுடியாத பழைய காலத்துக்குத் தானாகவே போய்விடுகிறாள். டாக்டர் தனியே நிற்கிறார். கணக்கு நேரானது.

அடுத்து ஹாலிவுட். மார்வெல்காரர்கள் கூப்பிட்டார்கள். உயரம், கூந்தல், பேச்சு, முகம் என்று எதற்காக ஒருத்தரை மக்களுக்குத் தெரியுமோ, அதில் உயரத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். 2013 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் மேடையில் நின்றபடி தலையிலிருந்த சிவப்பு விக்கைக் கழற்றிக் கூட்டத்தில் வீசினார். மழுங்கச் சிரைத்த தலை. கூட்டம் அலறியது. வெட்டிய முடியிலேயே ஒரு விக் செய்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு 2014-ல் ஏ.பி.சி. சேனலின் ‘செல்ஃபி’ தொடரில் நடித்தார்.

இந்தத் தொடர் ஒரு விநோதம். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தை, அதாவது ‘மை ஃபேர் லேடி’ கதையை, இந்தக் காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். மூலத்தின் உயிரே உச்சரிப்புதான். ஒருத்தி பேசும் விதத்தை மாற்றினால் அவள் அந்தஸ்தே மாறிவிடும் என்கிற கதை. இங்கே எலைஸா, சோஷியல் மீடியாவில் மூழ்கிய அமெரிக்கப் பெண். அவளுக்கு மரியாதை சொல்லித்தரவேண்டும். அதை நடிக்க ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தன் உச்சரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு அமெரிக்கப் பேச்சு பேசுகிறார்! ஷா இருந்திருந்தால் அதைப் பற்றி இன்னொரு நாடகம் எழுதியிருப்பார். ஆரம்ப எபிசோடுகள் சுமார். ஜான் சோவும் கேரனும் போகப் போகப் பிரமாதமாக இணைந்தார்கள். பிரமாதமாகும் நேரத்தில், ஒன்றரை மாதம்கூடத் தாங்காமல், சேனல் ஊற்றி மூடிவிட்டது. 13 எபிசோடில் பாதிக்கு மேல் டி.வி.யில் காட்டியதோடு சரி. அமெரிக்க டி.வி.யில் பொறுமைக்கு ரொம்பத் தட்டுப்பாடு.

நெபுலாவுக்கு வருவோம். முதல் ‘கார்டியன்ஸ்’ படத்துக்கு (2014) மேக்கப் போட மட்டும் தினம் சுமார் ஐந்து மணி நேரம். படத்தில் அவளுக்கு வேலை குறைவு. முறைப்பாள், அடிப்பாள், அடிவாங்குவாள். அந்த அஞ்சு காசுப் பாத்திரத்தைக் கேரன் ஐந்து படங்களுக்கு மேல் வளர்த்தெடுத்தது சாதாரணமில்லை. சகோதரி கமோராவிடம் தோற்கும்போதெல்லாம் தானோஸ் இவள் உடம்பில் ஒரு பாகத்தைப் பிடுங்கி இயந்திரத்தைப் பொருத்துவான். என்றைக்காவது அப்பா நம்மைப் பாராட்டுவார் என்று காத்துக் காத்து, பாதி இரும்பாகிப் போனவள். சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைதான், வேறு பெயிண்ட்டில். ‘எண்ட்கேம்’மில் பழைய நெபுலா, புது நெபுலா என்று இரண்டு பேரையும் அவரே செய்தார். தோளையும் கழுத்தையும் வைத்தே எது எது என்று நமக்குத் தெரியும். ‘தி கேர்ள் ஹூ வெய்ட்டட்’ பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தமிழில் பார்த்தவர்களுக்குத்தான் பாதி நஷ்டம். ரப்பருக்கு அடியில் கேரனுடையது என்று மிச்சமிருந்த குரலும் டப்பிங்கில் போயாச்சு.

‘ஜுமான்ஜி’ (2017) பற்றி அதிகம் இல்லை. காட்டுக்குள் குட்டை உடுப்பு எதற்கு என்று கேட்டார்கள். வீடியோ கேம்களைக் கிண்டல் செய்கிறோம் என்றார்கள். கிண்டல் செய்ய வேண்டியதையே போஸ்டரில் போட்டு டிக்கெட் விற்பது எனக்கு ஒப்பவில்லை. காமெடி மட்டும் முதல் தரம். கூச்சப் பெண்ணொருத்தி கவர்ச்சி நாயகியின் உடம்பில் மாட்டிக்கொண்டு, காவலாளிகளை மயக்கப் போய்ச் சொதப்பும் காட்சியை இன்னொரு தடவையும் பார்க்கலாம்.

இந்தப் பணமும் பேரும் வந்ததும் அம்மணி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். நேரே இன்வெர்னஸுக்குப் போய், தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்து ஒரு சின்னப் படம் எடுத்தார். ‘தி பார்ட்டீஸ் ஜஸ்ட் பிகினிங்’. 2018-ல் வந்தது. ஸ்காட்லாந்தின் மற்ற இடங்களைவிட ஹைலேண்ட்ஸ் பகுதியில் தற்கொலை அதிகம், அதிலும் இளைஞர்கள். டூரிஸ்ட் போஸ்டரில் மலையும் ஏரியும் தெரியும். இது தெரியாது.

படத்தில் அவர் பெயர் லூசி. கேலிக் மொழியில் எழுதினால் யாருக்கும் வாயில் நுழையாத பெயர். சூப்பர் மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி விற்கிறாள். உயிர்த் தோழன் தற்கொலை செய்துகொண்டான். அதன் பிறகு தினமும் ஒரே சுற்று: வேலை, குடி, முன்பின் தெரியாத ஒருவனோடு இருட்டுச் சந்து, வீடு திரும்பும் வழியில் சிப்ஸ். மறுநாளும் அதே. அவள் வீட்டு டெலிபோன் எண்ணுக்கும் மனம் உடைந்தவர்களுக்கான உதவி எண்ணுக்கும் சின்ன வித்தியாசம்தான். தப்பிப் போய் இவளுக்கே ஒரு பெரியவரின் அழைப்பு வருகிறது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம். வைக்கவில்லை.

பலவீனங்கள் இருக்கின்றன. முன்னும் பின்னும் தாவுகிற காலத்தில் சில இடங்களில் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. ராங் நம்பர் பெரியவர் கதைக்கு வசதியாக வந்து மாட்டியவர் மாதிரித் தெரிகிறார். லீ பேஸ் மாதிரி ஒரு நல்ல நடிகரை வைத்துக்கொண்டு அவருக்குப் பாத்திரமே எழுதவில்லை. முதல் படக்காரர்கள் எல்லோரையும் போல, இனி வாய்ப்புக் கிடைக்காது என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணித்திருக்கிறார். ஆனால் அந்த டெலிபோன் காட்சிகளில் ஒன்று நடக்கிறது. இதுவரை கேரன் காத்திருக்கிற பக்கமே நின்றவர். இங்கே காத்திருப்பது எதிர்முனை. எடுக்கவேண்டியவள், பதில் சொல்லவேண்டியவள் இவள். அவளுக்கே பதில் தெரியாது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தேடுகிற அந்த முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. சொந்தத் தலைமுடி, சொந்த ஊர், சொந்த நாக்கு. படம் பெரிதாக ஓடவில்லை. அதற்காக அவர் விஷயத்தை விட்டுவிடவும் இல்லை. இன்வெர்னஸில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் மைக்கிஸ்லைன் அமைப்பின் தூதராகச் சேர்ந்தார்.

பர்சனல் சமாசாரம் கேட்பவர்களுக்கு: 2022-ல் ஸ்காட்லாந்துக்கே திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டார். போதுமா?

2024-ல் மறுபடி பிரிட்டிஷ் டெலிவிஷன், மறுபடி மொஃபட். ஐ.டி.வி.யில் ‘டக்ளஸ் இஸ் கேன்சல்டு’. நாலே எபிசோட். டி.வி.யில் செய்தி வாசிக்கும் ஜோடி. மூத்தவர் டக்ளஸ் (ஹ்யூ பான்வில்) ஒரு கல்யாண விருந்தில் பெண்களை மட்டமாக ஜோக் அடித்ததாக யாரோ இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். உடன் வாசிக்கும் மேடலின், கேரன்தான், அதை நம்பாதீர்கள் என்று தன் லட்சக்கணக்கான ரசிகர்களுக்கு அனுப்புகிறாள். விளைவு? தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. உதவி செய்தாளா, கவிழ்த்தாளா? இரண்டு எபிசோட் நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு பளிச்சென்று, அவ்வளவு இனிமையாகச் சிரிக்கிறாள்.

மூன்றாவது எபிசோட் சில வருஷம் பின்னால் போகிறது. ஒரு ஹோட்டல் அறை. வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கிற தயாரிப்பாளர் (பென் மைல்ஸ்), வேலை வேண்டியிருக்கிற இளம் மேடலின். அடிதடி இல்லை, கத்தல் இல்லை. பேச்சு மட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அறை ஒரு அங்குலம் சுருங்குகிறது. பெண்ணைப் புதிராக்கிவிட்டு நகர்ந்துவிடுவார் என்று மேலே மொஃபட்டைக் குறை சொன்னேன். இங்கே நகரவில்லை. புதிரின் விடையிலேயே நம்மை உட்கார வைக்கிறார். ஏமிக்கு அழ நேரம் தராதவர், மேடலினுக்கு ஓர் எபிசோடையே கொடுத்துவிட்டார். கேரனும் அங்கே எதையும் கொட்டுவதில்லை. பயத்தை மரியாதையாக மாற்றி மாற்றிப் பேசுகிறார். வெளியே போக ஒரு கௌரவமான வாக்கியம் கிடைக்காதா என்று தேடுகிறார். அலுவலகம் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்தத் தேடல் என்னவென்று சொல்வார்.

அன்றிலிருந்து மேடலின் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் நமக்குப் புரிகிறது. நாலாவதற்குப் போகும்முன், முதல் எபிசோடைத் திரும்பப் போட்டு அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பாருங்கள்.